வெள்ளமும் அண்டை வீடும்
தென்மாவட்ட மழைக்கால வரலாறு காட்டும் சில பாடங்கள்

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி எழுதுவோர் யாவரும் வறட்சியிலிருந்தே தொடங்குவர். கரிசல் மண், கந்தக வெயில், வறண்ட ஆறுகள், தீப்பெட்டி, பட்டாசு என்பனவே நம் வட்டாரத்தின் அடையாளங்களாக வெளியுலகுக்கு அறிமுகமாகியுள்ளன. இந்நிலத்துக்கு வெள்ளத்தின் வரலாறும் ஒன்று உண்டு என்றால் பலர் வியப்படைவர். ஆயினும், கண்மாய்க் கரையின் கீழும் ஓடையின் ஓரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ள நம் மக்களுக்கு அவ்வரலாறு புதியதன்று. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காகக் காத்து நின்ற அதே வாசலில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் நம் முன்னோர்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெள்ளம் வரும்போது ஒரு சமுதாயத்தின் உண்மையான உருவம் வெளிப்படுகிறது. யார் தாழ்ந்த நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர், யார் கரையைக் காக்க ஓடினர், யாருக்கு முதலில் படகு சென்றது, யாருடைய இழப்பு கணக்கேட்டில் ஏறியது என்ற வினாக்களுக்கெல்லாம் வெள்ளம் விடை கூறிவிடுகிறது. அவ்விடைகளை எழுதிவைப்பார் இல்லாமையால், தண்ணீர் வடிந்தவுடன் அவையும் வடிந்துவிடுகின்றன. எழுதப்படாத வரலாறு இழந்த சொத்துக்கு ஒப்பாகும். அதனை மீட்பது கற்றோர் கடமை.

நிலமும் நீரும்

நம் மாவட்டத்தில் வற்றாத பேராறு எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றிச் சாத்தூர் வழியாகக் கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாறு, சிவகாசிக்கு வடக்கே ஓடி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடும் அர்ச்சுனா நதி, விருதுநகரை ஒட்டிச் செல்லும் கௌசிகா நதி, காரியாபட்டி திருச்சுழிப் பக்கமாகச் செல்லும் குண்டாறு ஆகிய யாவும் மழைக்காலத்து ஆறுகளே. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவை, மலையில் ஓர் இரவு கனமழை பெய்தால் விடிவதற்குள் இரு கரையும் தொட்டு ஓடும். வற்றிய ஆறு என்று எண்ணி அதன் வழியில் குடியிருப்பவனையே அது முதலில் அழிக்கிறது.

இத்தகைய நிலத்தில் மக்கள் வாழ வழி செய்தவை கண்மாய்கள். ஓடையில் வரும் நீரை ஒரு கண்மாய் தேக்கும். நிறைந்தவுடன் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலி போல் ஊரோடு ஊரை நீர் பிணைத்திருந்தது. இந்த ஏற்பாட்டில் பெருநன்மையும் உண்டு; பேராபத்தும் உண்டு. மேலூர்க் கண்மாயில் உடைப்பு ஏற்பட்டால் அந்நீர் முழுதும் கீழூர்க் கண்மாயின் மேல் விழும். அதன் கரையும் தாங்காவிடில் அதற்குக் கீழுள்ள ஊரும் மூழ்கும். ஆகவே மேலூரான் தன் கரையைக் காப்பது தனக்காக மட்டும் அன்று, கீழூரானுக்காகவும் ஆகும். அண்டை அயலார் கடமை என்பதை நம் முன்னோர் கண்மாய்க் கரையில்தான் கற்றனர் எனலாம்.

கரிசல் மண்ணின் இயல்பையும் இங்குக் கூறவேண்டும். வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் அம்மண், முதல் மழையை ஆவலோடு குடிக்கும். நன்றாக நனைந்தபின் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்யும் நீரை எளிதில் உள்ளே விடாது. எனவே தொடர்ந்து மூன்று நாள் அடைமழை பெய்தால் வறண்ட கரிசல் காடே ஏரியாகிவிடும். மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த வீடுகள் அம்மழையில் அடியிலிருந்து ஊறி, மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் சரிந்து விழும். மழை நின்றதென்று மகிழ்ந்து வீட்டுக்குள் சென்றவர் மீது சுவர் விழுந்த கதைகள் நம் ஊர்களில் அனேகம்.

மடையைக் காத்த கைகள்

கண்மாயின் நீரைப் பங்கிட்டு, மடையைத் திறந்து மூடி, கரையைக் கண்காணித்தவர் யார்? பாண்டி நாட்டு ஊர்கள் பலவற்றில் அப்பணி ஒடுக்கப்பட்ட மக்களிடமே இருந்தது. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என ஊருக்கு ஊர் அவர்களுக்குப் பெயர் வேறுபடும். நள்ளிரவில் மழை வலுத்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு கரைக்குச் செல்பவர் அவர். கரையில் எங்கே நண்டு வளை இருக்கிறது, எங்கே மண் ஊறிக் கசிகிறது, மறுகால் எவ்வளவு பாய்ந்தால் எந்த மடையைத் திறக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நீர் முட்டிய மடைக்குள் மூழ்கி அடைப்பைத் திறக்கும் வேலை உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகும்.

உடைப்பு வரும் அறிகுறி தெரிந்தால் தமுக்கடித்து ஊரை எழுப்பியவர்களும் நம்மவரே. முளையடித்து, பனைமரத் துண்டுகளை அடுக்கி, வைக்கோற் கட்டையும் முள்ளையும் மண்ணையும் போட்டு உடைப்பை அடைப்பதற்கு ஊர் முழுவதும் திரண்டாலும், நீருக்குள் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்களே. இப்பணிகளுக்காக அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து கொடுக்கப்பட்ட தானியப் பங்குக்குப் பழைய ஆவணங்கள் 'சுதந்திரம்' என்று பெயரிட்டன. சொல்லில் மட்டும் சுதந்திரம் இருந்தது, வாழ்வில் இல்லை.

இங்கே ஒரு முரண்பாட்டை நம் இளைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். ஊரின் நீர் முழுவதையும் காக்கும் பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ, அவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு வாளி நீர் இறைக்க உரிமையற்றவராக இருந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டிடம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்த வேண்டியிருந்தது. வறட்சியில் தீட்டு என்று மறுக்கப்பட்ட தண்ணீர், வெள்ளத்தில் எவ்வித வேறுபாடும் பாராமல் நம் வீட்டுக்குள் புகுந்தது. இதுவே நமக்கும் நீருக்கும் உள்ள உறவின் சுருக்கமான வரலாறு.

அவ்வரலாற்றில் ஒளிமிக்க ஏடும் ஒன்று உண்டு. மதுரை மாவட்டம் தும்பைப்பட்டியில் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்த கக்கன், 1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறைப் பொறுப்பேற்றார். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அத்துறையின் அமைச்சர் அவரே. மடை காத்த சமுதாயத்தின் மகன் ஒருவர் மாநிலத்தின் அணைகளுக்கெல்லாம் பொறுப்பாளரானார் என்பதை நம் பிள்ளைகள் பாடமாகவே படிக்கவேண்டும்.

தாழ்ந்த நிலம் யாருக்கு?

வெள்ளம் இயற்கையின் செயல் என்பர். மழை பெய்வது இயற்கையின் செயல்தான். ஆனால் அம்மழை நீர் யார் வீட்டுக்குள் முதலில் புகவேண்டும் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. ஊரின் மேட்டு நிலத்தில் கோயிலும் பெருவீடுகளும் அமைந்தன. ஓடைப் புறம்போக்கு, கண்மாய்க் கரையின் அடிவாரம், மறுகால் செல்லும் வழி, சுடுகாட்டுப் பக்கம் ஆகியவை நமக்கு எஞ்சின. அந்த இடமும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்ற ஆங்கிலேயர் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் மனைகூடத் தமக்குரியதாக இல்லாமையே அவர்களை நிலவுடைமையாளருக்கு அடிமைப்படுத்துகிறது என்று எடுத்துக்காட்டினார். அதன் பயனாகவே 1892 செப்டம்பர் 30இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது.

1920களில் தொழிலாளர் ஆணையரின் துறை வாயிலாக மனைகள் வழங்கும் பணி நடந்தது. விடுதலைக்குப் பின் அரசு காலனிகள் எழுந்தன. 1974இல் தாட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. இவை யாவும் நன்மை புரிந்தன என்பதில் ஐயமில்லை. ஓலைக் கூரை ஓடாகவும் பின்னர் கான்கிரீட்டாகவும் மாறியது. ஆனால் காலனிக்கென ஒதுக்கப்பட்ட நிலம் பல ஊர்களில் எவரும் விரும்பாத பள்ளமாகவே இருந்தது. வீட்டின் கூரை உயர்ந்தது, மனை உயரவில்லை. சமத்துவபுரத் திட்டம் இங்கு நினைவுகூரத் தக்கது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்திலிருந்து, 100 வீடுகளில் 40 வீடுகள் ஆதிதிராவிடருக்கும் மற்றவை பிற சமூகத்தாருக்கும் என ஒரே மட்டத்தில், ஒரே தெருவில் கலந்து கட்டப்பட்டன. ஒரே மட்டத்தில் வீடு இருந்தால் வெள்ளமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அப்போது அண்டை வீட்டானின் துன்பம் தன் துன்பமாகத் தெரியும்.

1955, 1957, 1964

1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் பிரிக்கப்படும் வரை விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் அம்மாவட்டத்திலேயே இருந்தன. எனவே இராமநாதபுரத்துப் புயல்கள் நமக்கு அயலூர்ச் செய்திகள் அல்ல.

1955 நவம்பர் இறுதியிலும் டிசம்பர்த் தொடக்கத்திலும் வீசிய புயல் தஞ்சை மாவட்டக் கடற்கரையில் இராசாமடம் அருகே கரை கடந்தது. தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். கண்மாய்கள் உடைந்து ஊர்கள் தீவுகளாயின. அப்போது முதலமைச்சராயிருந்தவர் விருதுநகர் தந்த காமராசர். வெள்ளம் சூழ்ந்த பகுதிகளுக்கு அவரே நேரில் சென்று மக்களைக் கண்டார் என்பதைப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லி வந்தனர்.

வெள்ள காலத்தில் சாதி சற்றே விலகி நிற்கும் என்பதை மூத்தோர் பலர் கூறக் கேட்டுள்ளோம். மேட்டில் இருந்த சாவடியில் எல்லோரும் ஒதுங்குவர். ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சப்படும். நீந்தத் தெரிந்தவன் எவனோ அவன் தோளில் எவர் குழந்தையும் ஏறும். ஆனால் நீர் வடிந்து, சுவர் காய்ந்து, வாசல் தெளித்த பின் அந்த உறவு எங்கே போயிற்று என்ற வினா எழுகிறது. 1955 வெள்ளம் நேர்ந்து இரண்டு ஆண்டுகளே சென்றிருந்தன. 1957 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர்க் கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின, அருப்புக்கோட்டை வட்டாரம் வரை அச்சம் பரவியது. ஒரே மழையில் நனைந்த ஊர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய நெருப்பு மூண்டது. வெள்ளத்தில் பிறக்கும் இரக்கம் தானாகவே சமத்துவமாக மாறிவிடாது என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டுவதில்லை.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த பெரும்புயலோ தனுஷ்கோடி நகரையே உலக வரைபடத்திலிருந்து துடைத்துவிட்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலில் மூழ்கியது. இறந்தோர் தொகை 1,800 வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தனர். ஆனால் அந்நகரம் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. பாலத்தைத் திரும்பக் கட்டலாம். சிதறிய அண்டை அயலாரைத் திரும்பக் கூட்டுதல் எளிதன்று என்பதைத் தனுஷ்கோடி கற்பித்தது.

பட்டாசு வட்டாரத்தில் மழை

சிவகாசி வட்டாரத்தில் மழை என்பது தனிப்பொருள் கொண்டது. இவ்வூரைத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உரிய ஊராக்கியது வறண்ட வானிலையே. 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அடித்தளத்தின்மேல் இத்தொழில்கள் வளர்ந்தன. குழாய் சுற்றுதல், திரி வெட்டுதல், மருந்து செலுத்துதல், டப்பி ஒட்டுதல் எனப் பல வேலைகளில் நம் சமுதாயத்து ஆண்களும் பெண்களும் பெருந்தொகையாக ஈடுபட்டுள்ளனர். இவ்வேலைகள் யாவற்றுக்கும் வெயில் வேண்டும். மழை பெய்தால் களத்தில் காய வைக்க இயலாது. மின்னல் வெட்டினால் வேலை நிறுத்தப்பட வேண்டும். ஈரம் ஏறிய மருந்து ஆபத்தானது. அலுமினியத் தூள் கலந்த கலவையில் நீர் பட்டால் சூடேறித் தானே தீப்பிடிக்கக் கூடும். வெள்ளமும் நெருப்பும் பகைப்பொருள்கள் என்று உலகம் கூறும். நம் வட்டாரத்தில் ஈரமே நெருப்புக்குக் காரணமாவதும் உண்டு.

பத்து நாள் மழை என்றால் பத்து நாள் கூலி இல்லை. வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி வேலை செய்யும் பெண்களுக்கும் ஒட்டிய டப்பி காயாமையால் வருவாய் இல்லை. அவ்வேளையில் வாங்கும் முன்பணம் அடுத்த ஆண்டு வரை கழுத்தில் கிடக்கும். எனவே வீடு இடியாவிட்டாலும், உயிர் போகாவிட்டாலும், வெள்ளம் நம் குடும்பங்களைக் கடனில் மூழ்கடித்துவிடுகிறது. இடிந்த சுவரை அளக்க அதிகாரி வருவார். இழந்த கூலியை அளக்க வருபவர் இல்லை.

அண்டை அயலார் அறத்துக்கு இவ்வட்டாரம் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் தீப்பற்றியபோது, உள்ளே சிக்கியவர்களைக் காக்க அருகிலிருந்த ஊர்மக்கள் ஓடினர். அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்பில் அவ்வாறு சென்றவர்களும் மாண்டனர். அன்று இறந்த ஏறத்தாழ 40 பேரில் அந்த ஆலையில் வேலை செய்யாதவர்களும் இருந்தனர். அபாயம் என்றால் விலகி ஓடாமல் அதனை நோக்கி ஓடுவதே இவ்வட்டார எளிய மக்களின் இயல்பு. அவ்வியல்போடு பயிற்சியும் சேர்ந்திருந்தால் உயிர்கள் பல தப்பியிருக்கும்.

2023 டிசம்பர்

அண்மைக் காலத்தில் தென்மாவட்டங்கள் கண்ட பெருவெள்ளம் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நேர்ந்தது. அம்மாதத் தொடக்கத்தில்தான் மிக்சாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. அதன் துயர் நீங்கு முன்னரே, குமரிக்கடலில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் தெற்கே வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம் என்றால் அதன் கொடுமையை உணரலாம். தாமிரபரணி கரைபுரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரம் நீரில் மிதந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பகுதிகள் வெளியுலகத் தொடர்பின்றித் தவித்தன. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவ்வெள்ளத்தில் நாம் போற்றவேண்டிய நிகழ்ச்சிகள் பல. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட விரைவு வண்டி 17ஆம் நாள் இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. மேற்கொண்டு செல்லவேண்டிய பாதையின் அடியில் கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. வண்டியில் இருந்தோர் ஏறத்தாழ 800 பேர். நாற்புறமும் நீர். மீட்புப் படையினர் முழுமையாக வந்து சேர 19ஆம் நாள் ஆயிற்று. இடைப்பட்ட பொழுதில் அப்பயணிகளின் பசியாற்றியவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் வீடுகளிலும் நீர் சூழ்ந்திருந்த நிலையில், ஊரில் இருந்த அரிசியைத் திரட்டிக் கோயிலில் சமைத்து முன்பின் அறியாதவர்களுக்கு உணவளித்தனர். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் ஒன்று வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குத் தங்குமிடமாயிற்று. கடற்கரை மீனவர்கள் தம் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டனர். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை அந்நாட்களில் நிவாரணப் பொருள்களின் பாதையாயிற்று. அவ்வாறே, வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றையும் அழுகிய குப்பைகளையும் செத்த விலங்குகளையும் அகற்றுவதற்காக வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களும் அனுப்பப்பட்டனர். படகோட்டியவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன; அவை வரவேண்டியவையே. சேற்றை அள்ளியவர்களின் படங்கள் அத்துணை வரவில்லை. மடைக்குள் மூழ்கியவரின் பெயர் எழுதப்படாதது போன்றே, சேற்றில் நின்றவரின் பெயரும் எழுதப்படாமல் போவதை நாம் ஏற்றல் கூடாது.

நிவாரணத்தில் நீதி

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, நாகை மாவட்டத்தில் சில இடங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் முகாம்களில் தனித்து வைக்கப்பட்டதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்தத் தடுக்கப்பட்டதும், கடலில் செல்லாத கூலிகள் என்பதால் அவர்கள் இழப்பு கணக்கில் வராமல் போனதும் பல ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டக் காலனிகள் பட்ட பாடும், அதே ஆண்டில் சென்னையைத் தூய்மை செய்யப் பிற மாவட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட பணியாளர்கள் தக்க உறையும் காலணியும் இன்றி உழைத்ததும் அவ்வாறே பதிவாகியுள்ளன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கிய மறுமாதம், 1927 ஏப்ரலில், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்தது. கிரீன்வில் என்ற ஊரில் வெள்ளையர் பலர் படகுகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களோ ஆற்றின் கரைமேட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டுக் கட்டாய வேலை வாங்கப்பட்டனர். பண்ணைகளை விட்டு அவர்கள் போய்விட்டால் பருத்தி பறிக்க ஆள் இல்லாமற் போகும் என்பதே காரணம். அக்கொடுமைக்குப் பின்னர் கறுப்பின மக்கள் பலர் அப்பகுதியை விட்டு வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 78 ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்டு 29இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சு நகரைத் தாக்கியபோதும் வண்டி வசதியற்ற ஏழைக் கறுப்பின மக்களே மிகுதியாகச் சிக்கினர். ஓர் இடத்தில் நிறம். ஓர் இடத்தில் சாதி. பள்ளம் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆயினும் இன்று நம் கையில் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, பேரிடரில் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், மரபுவழி, சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது எனத் தெளிவாகக் கூறுகிறது. இப்பிரிவை நம் ஊர் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். முகாமில் தனிப் பந்தி போடப்பட்டால், கணக்கெடுப்பில் காலனி விடப்பட்டால், அது வழக்கம் என்று வாளாவிருத்தல் ஆகாது. அது சட்ட மீறல் என்று எடுத்துச் சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவைத் தருவது கல்வியேயாகும்.

இனிச் செய்யத்தக்கன

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது பழமொழி. இப்போது வரத்துக்கால்களைச் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. ஓடைகள் ஆக்கிரமிக்கப்பட்டுக் குறுகிவிட்டன. பல ஊர்களில் மடையை அறிந்த முதியவர்கள் மறைந்து வருகின்றனர். மழையோ முன்னிலும் கடுமையாகவும் முறை தவறியும் பெய்கிறது. வறண்ட மாவட்டம் என்ற எண்ணத்தில் நாம் அயர்ந்திருத்தல் அறிவுடைமை ஆகாது.

ஆகவே, கழகத்தின் இளைஞர்கள் தத்தம் ஊரில் செய்யத்தக்க எளிய பணிகள் சிலவற்றை இங்குக் குறிக்கிறோம். முதலாவதாக, ஊரில் மூத்தோரை அணுகி, எந்த ஆண்டில் தண்ணீர் எந்த வாசல் வரை வந்தது எனக் கேட்டு எழுதுக. பள்ளிச் சுவரிலோ சாவடித் தூணிலோ அம்மட்டத்தைக் கோடிட்டுக் காட்டுக. இரண்டாவதாக, ஒவ்வொரு குடும்பத்தின் மனைப்பட்டா, குடும்ப அட்டை, சான்றிதழ்கள் ஆகியவற்றின் படிகளை நனையாத உறையில் இட்டு மேட்டில் உள்ள ஓர் இடத்தில் காத்து வைக்க. சான்று நனைந்தால் உரிமையும் நனைந்துவிடும். மூன்றாவதாக, தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்ற பட்டியல் தெருவுக்கு ஒருவரிடமேனும் இருக்கட்டும். நான்காவதாக, கண்மாய்க் கரையையும் மறுகாலையும் ஆடி மாதத்திலேயே ஊரார் அனைவருடனும் சேர்ந்து சென்று பார்வையிடுக. 'எங்கள் தெரு, உங்கள் தெரு' என்று பிரித்துச் செல்லாமல் எல்லோரும் கூடிச் செல்லும் வழக்கத்தை மழைக்கு முன்னரே உண்டாக்கினால், மழையின்போது எவரையும் அழைக்கவேண்டியதில்லை. ஐந்தாவதாக, பட்டாசுத் தொழிலில் உள்ளோர் மழைக்காலத்துக்கெனச் சிறு சேமிப்புக் குழுக்களை அமைத்து, முன்பணம் வாங்கும் நிலையிலிருந்து மெல்ல மெல்ல விடுபடுக.

நீர்க்கட்டியின் பேரன் இன்று நீரியல் பொறியாளராகலாம். தமுக்கடித்தவரின் பேத்தி வட்டாட்சியராகி நிவாரணப் பட்டியலில் கையொப்பமிடலாம். கால் நூற்றாண்டாக நம் கழகம் நடத்தி வரும் இரவுப் பாடங்களின் நோக்கம் இதுவே. அவ்வாறு உயர்ந்த பின்னர், பள்ளத்தில் நிற்கும் அண்டை வீட்டானை மறவாதிருத்தலே அக்கல்வியின் பயனாகும். அவன் எந்தச் சாதியினனாயினும் அவனுக்குக் கை கொடுப்போம். நமக்குரிய இடத்தையும் மேட்டிலேயே கேட்டுப் பெறுவோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நம் முன்னோர் பிறருடைய வயலுக்காகக் கரை காத்தனர். நாம் எல்லோருடைய வீட்டுக்காகவும் கரை காப்போம். அக்கரைக்குள் நம் வீடும் இருக்கட்டும்.